விற்றவர் பெயர்

— ‘காசு குடுத்து வாங்கிட்டு வந்த பிறகும் அது ஏம்ப்பா நம்மளுது இல்ல?’ ஞாயித்துக்கிழமை என் பொண்ணு ஜோதி கேட்டா பாய். ஒம்பது வயசு. அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க. இந்தாங்க, உங்க டிஸ்க்.

— உக்காருங்க சார். ஃபேனைப் போடறேன். என்ன ஆச்சு?

— அட போங்க பாய். ஸ்ரீரங்கத்துல பாத்திரக் கடையை ஆள்கிட்ட விட்டுட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்த உச்சி வெயில்ல பாலக்கரைக்கு வந்திருக்கேன். உங்க ஃபேன் காத்து வாங்கவா வந்தேன்?

— தண்ணியாவது குடிங்க.

— வேண்டாம். இந்தக் கடையில தண்ணியும் செகண்ட் ஹேண்டாத்தான் இருக்கும்.

— உண்மைதான் சார். காவிரித் தண்ணி. உங்க ஊரைத் தொட்டுட்டுத்தான் எங்களுக்கு வருது.

— இந்தப் பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. சர்ஃபராஸ் கேம்ஸ், நம்பிக்கையான பழைய கேம் கடைன்னு வெளிய போர்டு வேற. போன வாரம் ஆயிரத்தி அறுநூறு வாங்கிக்கிட்டு இந்தத் தீவு கேமைக் குடுத்தீங்களா இல்லையா?

— குடுத்தேன்.

— வீட்ல போட்டோம். பாட்டு வந்துச்சு, கடல் வந்துச்சு, படகு வந்துச்சு. ஜோதி கையைத் தட்டுறா. அதோட சரி. திரையில எழுத்து வருது. ‘இந்த டிஸ்க் வேறொருவருக்குப் பதிவாகியுள்ளது. விளையாட ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் செலுத்தவும்.’ டிஸ்க்கோட விலையைவிட அது ஜாஸ்தி!

— யா அல்லாஹ். இதுலயும் வெச்சுட்டானுங்களா?

— நடிக்காதீங்க பாய்.

— நடிக்கலை சார். நான் கடை மிஷின்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன். கீறல் இல்ல. பாட்டு வந்துச்சு, படகு வந்துச்சு, எடுத்துட்டேன். அதுக்கு மேல ஒரு பூட்டு இருக்கும்னு எனக்குத் தோணல. முன்னாடி வேற கம்பெனி கேமுக்கு இப்படி ஆகி, காட்டூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. அந்தக் கம்பெனி டிஸ்க்கை வாங்கறதையே நிறுத்திட்டேன். இவனுங்களும் ஆரம்பிச்சது தெரியாது. தப்பு என்னோடதுதான். இந்தாங்க, உங்க ஆயிரத்தி அறுநூறு. மேசை மேல வெச்சிருக்கேன்.

— யாருக்கு வேணும் உங்க காசு?

— அப்ப வேற டிஸ்க் எடுத்துக்குங்க. இந்த வரிசை முழுக்கப் பழசு. பூட்டு வைக்கிற புத்தி வர்றதுக்கு முன்னாடி செஞ்சது. யார் வீட்ல போட்டாலும் ஓடும்.

— அதுவும் வேண்டாம். எனக்குப் பேர் வேணும்.

— என்ன பேர்?

— இதை உங்ககிட்ட வித்தவன் பேர். தனக்குப் பதிவு பண்ணி ஆடி முடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி அடுத்தவன் தலையில கட்டியிருக்கான் பாருங்க, அந்த யோக்கியன் பேர்.

— அது மட்டும் முடியாது சார்.

— ஏன்?

— வித்தவங்க பேரை வாங்க வந்தவங்ககிட்ட சொல்றதில்ல. கடை தொறந்த நாள்ல இருந்து வழக்கம்.

— ஓ! திருட்டுப் பொருள் வாங்கறவனுக்கு வழக்கம் வேற இருக்கா?

— பொறுங்க சார். வாங்க வர்றவங்க சிரிச்சுக்கிட்டே வருவாங்க. விக்க வர்றவங்க அப்படி வர்றதில்ல. ரெண்டு தடவை கடையைத் தாண்டிப் போவாங்க. மூணாவது தடவைதான் உள்ள வருவாங்க. வந்ததும் ‘வீட்ல சும்மா கிடக்கு பாய்’னு சொல்லுவாங்க. சும்மா கிடக்கிற பொருளை யாரும் துணியில சுத்திக் கொண்டு வர மாட்டாங்க. அதனால நான் டிஸ்க்கைத்தான் பாப்பேன். முகத்தைப் பாக்குறதில்ல.

— நல்லா இருக்கு கதை. எனக்கு அந்த முகத்தைத்தான் பாக்கணும். எவனாவது குடிகாரனா இருப்பான். இல்ல, புள்ளைங்க விளையாட்டுச் சாமானை வித்துத் திங்கிற மானங்கெட்ட ஜென்மமா இருக்கும்.

— அப்படிச் சொல்லாதீங்க சார். அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?

— என் பொண்ணு முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சான். ‘ஏமாந்துட்டியாப்பா?’ன்னு கேக்கறா. யார்கிட்ட? நல்லதம்பிகிட்ட! தெற்கு வாசல்ல பத்தொம்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். பெருமாள் சத்தியமா, என்னை யாரும் ஏமாத்தினதில்ல.

— நீங்க பாத்திரக் கடைன்னு சொன்னீங்கல்ல? பழைய பாத்திரத்தை எடைக்கு எடுப்பீங்களா?

— எடுப்பேன். அதுக்கென்ன?

— அதுல பேர் வெட்டியிருக்கும்.

— இருக்கும். எவனாவது கல்யாணத்துக்கு வெட்டினது.

— அந்தக் குடத்தை வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போறாங்க. தண்ணி புடிக்கறாங்க. ‘என் மேல பீமராவ்னு வெட்டியிருக்கு, நீ பீமராவ் இல்ல, போய்க் கம்பெனிக்கு ரெண்டாயிரம் கட்டிட்டு வா, அப்புறம் தண்ணி நிக்க விடறேன்’னு குடம் சொல்லுமா?

— சொன்னா மிதிச்சு நசுக்கிடுவேன்.

— அதைத்தான் இந்தக் கம்பெனிக்காரன் சொல்றான். குடம் வித்தவனுக்கு இல்லாத திமிர் தட்டு வித்தவனுக்கு. ஒருதரம் காசு வாங்கினான். அந்த டிஸ்க் நாலு கை மாறினா நாலு தடவையும் காசு வேணுமாம். அவன் என்ன, ஒவ்வொரு வீட்லயும் வந்து புதுசா எழுதித் தர்றானா? இல்லாதவன் வீட்டுப் புள்ளை பாதி விலைக்கு விளையாடினா இவனுக்கு வயிறு எரியுது. த்தூ. பள்ளிவாசல் பக்கத்துல இருந்துக்கிட்டு இப்படிப் பேசக்கூடாது. ஆனா இவனுங்களை நினைச்சா நாக்கு நிக்கலை.

— கம்பெனிக்காரன் திமிர் பிடிச்சவன்தான். ஒத்துக்கறேன். ஆனா அவன் கோட்டு போட்டுத் திருடறான். நீங்க லுங்கி கட்டித் திருடறீங்க.

— சரி சார்.

— என்ன சரி? கோவம் வரலையா?

— வந்துச்சு. போயிடுச்சு.

— இங்க பாருங்க. வையம்பட்டியில என் தங்கச்சி வீட்ல இதே கேம் இருக்கு. அவ மக காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர்ல நான் வெச்சது. மிஷின், டிஸ்க் எல்லாம் பெட்டி பிரிக்காத புதுசு. சீர்த்தட்டுல பழத்துக்கு நடுவுல வெச்சு, மைக்ல சொல்லி, சபை முன்னாடி நானே பிரிச்சு, நானே டிவியில மாட்டி ஓடவிட்டேன். ஊரே வாயைப் பொளந்துச்சு. அங்க போய் ஜோதி ஒருநாள் விளையாடிட்டு வந்தா. அதுல இருந்து அதே கேம் வேணும்னு ஒரே அழுகை. சரி, சொந்தப் புள்ளைக்குத்தானேன்னு பழசு தேடி இங்க வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். அது கடை. இது குப்பைத்தொட்டி.

— தங்கச்சி மகளுக்குப் புதுசு, சொந்த மகளுக்குப் பழசா?

— சீர்னா நாலு பேர் பாப்பாங்க பாய். வீட்ல யாரு பாக்கறா?

— அதுவும் சரிதான்.

— பேச்சை மாத்தாதீங்க. கடைசியாக் கேக்கறேன். பேரைச் சொல்லுங்க. இல்லைன்னா இங்க இருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன். திருட்டு டிஸ்க் வாங்கி விக்கிறான்னு எழுதிக் குடுப்பேன். ஒரு வாரம் கடையைப் பூட்டி வெச்சா வழக்கம் எல்லாம் தானா மறந்துபோகும்.

— எழுதிக் குடுங்க சார்.

— என்ன?

— கடை போனா இன்னொரு கடை வெப்பேன். வாடகைக்கு ஆட்டோ ஓட்டுவேன். வித்தவங்க என்னை நம்பிட்டுப் போயிருக்காங்க. உங்களுக்கு ஆயிரத்தி அறுநூறும் குடுத்தாச்சு, வேற டிஸ்க்கும் எடுத்துக்குங்கன்னு சொல்லியாச்சு. இதுக்கு மேலயும் அவங்களை நடுத்தெருவுக்கு இழுக்கணும்னா அதுக்கு நான் ஆள் இல்ல.

— பார்ப்போம். கம்பெனிக்கே போன் போடறேன். எவன் பேர்ல பதிவாகியிருக்குன்னு அவன் சொல்லித்தானே ஆகணும்? உங்க போனைக் குடுங்க. என்னோடதுல சார்ஜ் கம்மி.

— இந்தாங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் கேக்கறேன், அந்த மகராசன் என்ன சொல்றான்னு.

— வணக்கம், வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பானுப்ரியா பேசறேன். என்ன உதவி வேணும் சார்?

— ஏம்மா, உங்க தீவு கேம் டிஸ்க் ஒண்ணு வாங்கினேன். ஓடலை. வேற யாருக்கோ பதிவாயிருக்காம். பெட்டி மேல இருக்கிற நம்பர் படிக்கிறேன், பாரு.

— படிங்க சார்... நன்றி சார். பார்த்துட்டேன். இது பழசா வாங்கினதா?

— ஆமா. பழசு வாங்கினா குத்தமா?

— குத்தம் இல்ல சார். ஆனா நீங்க வாங்கினது டிஸ்க் மட்டும்தான். கேம் விளையாடற உரிமை முதல்ல வாங்கினவருக்குத்தான் உண்டு.

— டிஸ்க்குக்குள்ளதானம்மா கேம் இருக்கு?

— இருக்கு சார்.

— அப்ப நான் வாங்கினது வெறும் தட்டா?

— அப்படிச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார்.

— வேற எப்படிச் சொல்ல அனுமதி?

— ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’னு சொல்லலாம் சார்.

— கேட்டீங்களா பாய்? வருந்தறாங்களாம். ஏம்மா, முதல்ல வாங்கினவன் யாரு? அவன் பேரைச் சொல்லு.

— அது சொல்லக் கூடாது சார்.

— இங்கேயும் அதேவா! ஊர்ல ஒருத்தனுக்கும் பேரே இருக்காது போல.

— ஒரு வழி இருக்கு சார். முதல்ல பதிவு பண்ணினவர் சம்மதிச்சா, அவர் அக்கவுண்ட்ல இருந்து உரிமத்தை எடுத்து உங்களுக்கு மாத்தலாம். காசு கிடையாது. அவர் நம்பருக்கு ஓடிபி போகும். அதை மூணு நிமிஷத்துக்குள்ள எங்களுக்குச் சொல்லணும்.

— அனுப்பும்மா, அனுப்பு. அந்தத் திருட்டுப்பய போன்ல மணி அடிக்கட்டும். செஞ்ச காரியம் நினைவுக்கு வரட்டும்.

— அனுப்பிட்டேன் சார்.

— சார், உங்க சட்டைப் பையில போன் அடிக்குது.

— அது கிடக்கட்டும் பாய். ஏம்மா, அவன் எடுக்கலைன்னா?

— இன்னொரு தடவை அனுப்பறேன் சார்.

— சார். மறுபடியும் அடிக்குது.

— கடை ஆள் ஏதாவது மெசேஜ் அனுப்பியிருப்பான். ஒரு குக்கர் விக்கத் தெரியாது, எல்லாத்துக்கும் என்னைக் கேக்கணும். இருங்க... இது என்னது? கண்ணாடி எடுத்துட்டு வரல. கொஞ்சம் படிங்க.

— ‘தீவு விளையாட்டின் உரிமத்தை விடுவிக்க உங்கள் ஓடிபி...’ சார். இது உங்க போன்தானே?

— என் போன்தான். தப்பா வந்திருக்கும். எங்க வீட்டு மிஷின்கூட என் சம்சாரம் நம்பர்லதான் இருக்கு.

— ரெண்டு தடவையுமா?

— சார், ஓடிபி கிடைச்சுதா? ரெண்டு நிமிஷம் இருக்கு.

— பாய்... அந்தக் கேமை நான் ஒரே ஒரு தடவைதான் பதிவு பண்ணினேன். காதுகுத்து அன்னிக்கு. சபையில மிஷினை மாட்டினேன்ல? போன் நம்பர் கேட்டுச்சு. ‘என் நம்பரையே போடறேன், எல்லாம் நான்தானே’ன்னு சொல்லிப் போட்டேன்.

— உங்க நம்பரையா?

— செல்லக்கிளியா? என் தங்கச்சியா இதை வித்தா?

— நான் அப்பவும் பேர் சொல்லல சார். இப்பவும் சொல்லல.

— கழுத்தோரமா ஒரு மச்சம் இருக்கும். சொல்லுங்க பாய்.

— முகத்தைப் பாக்குறதில்லன்னு சொன்னேனே சார்.

— தாய்மாமன் சீரை வித்துட்டாளே! நாலு பேருக்கு நடுவுல வெச்ச சீரை! போன மாசம்கூடப் பேசினேன். ‘புள்ளை விளையாடறாளா?’ன்னு கேட்டேன். ‘உசிரா வெச்சிருக்கா அண்ணே’ன்னு சொன்னாளே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?

— குடுத்திருப்பீங்க சார். அது உங்களைப் பார்த்தாலே தெரியுது. குடுக்கறதுக்கு முன்னாடி என்ன சொல்லியிருப்பீங்க?

— என்ன சொல்லியிருப்பேன்? ஏன் இப்படிச் செலவு பண்றீங்க, உன் புருஷன் என்னதான் பண்றான்னு ரெண்டு வார்த்தை... அண்ணன்காரன் கேக்கக் கூடாதா?

— கேக்கலாம் சார்.

— சார், ஒரு நிமிஷம்தான் இருக்கு. அந்த நம்பரைச் சொல்லிட்டீங்கன்னா உங்க வீட்ல உடனே ஓடும்.

— ஏம்மா... அப்ப முதல்ல பதிவான வீட்ல?

— அந்த அக்கவுண்ட்ல இனிமே ஓடாது சார். திரும்ப வேணும்னா அவங்க காசு கட்டணும்.

— அவங்க மிஷின்ல இப்ப இந்த டிஸ்க்கைப் போட்டா?

— ஓடும் சார். அவங்களுக்குத்தானே பதிவு இருக்கு.

— இந்த உலகத்துல அந்த ஒரு வீட்ல மட்டும் ஓடும். அப்படித்தானே?

— ஆமா சார். நம்பர் சொல்றீங்களா? முப்பது செகண்ட்.

— சொல்லலம்மா. வெச்சுடு.

— சரி சார். எங்களைத் தொடர்பு கொண்டதுக்கு நன்றி. வேற ஏதாவது உதவி...

— பாவம், பொண்ணு எழுதிக் குடுத்ததைப் படிக்குது. நான் கட் பண்ணிடறேன் சார். தண்ணி குடிக்கிறீங்களா?

— குடுங்க.

— மெதுவா.

— பாய், அன்னிக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னேன். ‘எங்க மாப்பிள்ளை வீட்டுக் கரண்டுக்கு இந்த மிஷின் தாங்குமோ என்னவோ, வயரையும் சேர்த்துச் சீர்ல வெச்சிருக்கணும்’னு. எல்லாரும் சிரிச்சாங்க.

— தங்கச்சி?

— அவளும் சிரிச்சா. மாப்பிள்ளை மட்டும் பந்தியில உக்காரல. வயித்து வலின்னு சொன்னாங்க. நானும் நம்பினேன்.

— இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க சார்.

— வந்ததுல இருந்து நான் பேசினதெல்லாம் அவளைத்தான் பேசினேன், இல்ல? மானங்கெட்ட ஜென்மம். விளையாட்டுச் சாமானை வித்துத் திங்கிறவ. நீங்க வாயைத் தொறந்து ஒரு பேரைச் சொல்லியிருந்தா உங்களை விட்டிருப்பேன். நேரா வையம்பட்டிக்குப் போய் அவ வாசல்ல நின்னு இதையே கத்தியிருப்பேன்.

— உங்க தங்கச்சின்னு எனக்குத் தெரியாது சார். யாரோ ஒருத்தங்க வந்தாங்க. வித்தாங்க. அவ்வளவுதான்.

— எதுக்கு வித்தாள்னு தெரியுமா?

— நான் கேக்குறதில்ல.

— நீங்க எதைத்தான் கேப்பீங்க?

— டிஸ்க்ல கீறல் இருக்கான்னு கேப்பேன். இந்தாங்க, ஜோதிப் பாப்பாவுக்கு இதை எடுத்துட்டுப் போங்க. மீன் பிடிக்கிற கேம். என் பொண்ணுங்க ரெண்டும் இதை வெச்சுத்தான் சண்டை போடும். எட்டு வருஷத்துப் பழசு. யாரையும் கேக்காம ஓடும். அந்தப் பூட்டின டிஸ்க் இங்கயே இருக்கட்டும்.

— இதுக்கு எவ்வளவு?

— அதுக்கு இது சரியாப் போச்சு. தொழுகைக்கு நேரமாச்சு சார், பாங்கு சொல்லிட்டாங்க. நான் போயிட்டு வரேன். நீங்க கொஞ்சம் ஆறி உக்காந்துட்டுக் கிளம்புங்க.

— கடையை?

— நீங்க இருக்கீங்களே.

— என்னை விட்டுட்டா போறீங்க? வந்ததுல இருந்து உங்களைத் திருடன்னு சொன்னவன் நான்.

— சொன்னீங்க. அதனால என்ன, கல்லாவைத் தூக்கிட்டா ஓடப் போறீங்க? ஒரு நிமிஷம், ஒருத்தருக்கு மெசேஜ் போடணும்... ம். போயிடுச்சு. போனை இங்கயே வைக்கிறேன். பள்ளிவாசலுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. அடிச்சா எடுத்துப் பேசுங்க. கடைன்னு சொன்னா போதும்.

— யாரு கூப்பிடுவாங்க?

— யாராவது கூப்பிடுவாங்க சார். வரட்டுமா?

— போயிட்டு வாங்க பாய்... அட, அதுக்குள்ள போன் அடிக்குதே. ஹலோ?

— ஹலோ, பாய்ங்களா? நான் வையம்பட்டியில இருந்து பேசறேன்ங்க. இப்பத்தான் மெசேஜ் பார்த்தேன். அந்தத் தீவு கேம் டிஸ்க் திரும்ப வந்துருச்சுன்னு போட்டிருந்தீங்களே?

— ம்.

— லைன்ல இருக்கீங்களா பாய்?

— இருக்கேம்மா. கடைதான். சொல்லுங்க.

— ஒரு மாசம் வெச்சிருங்க, காசு வந்ததும் நானே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனேன். நாப்பது நாள் ஆயிடுச்சு. வித்திருப்பீங்கன்னு நினைச்சேன். தப்பு என்னோடதுதான்.

— இருக்கும்மா. இங்கதான் இருக்கு.

— அப்பாடா! கிணத்து மோட்டார்ல காயில் எரிஞ்சுபோச்சு பாய். கத்திரிக்காய்ச் செடி பூ விட்டு நிக்குது. தண்ணி இல்லைன்னா ஒரே வாரத்துல கருகிடும். வீட்டுக்காரர் அவர் வண்டியை விக்கறேன்னாரு. ‘வேண்டாம், வண்டி போனா வேலைக்குப் போக முடியாது’ன்னு நான்தான் அவருக்குத் தெரியாம இதை எடுத்துட்டு வந்தேன். இப்பக் காய் எடுத்துட்டோம். காசு வந்துருச்சு.

— அண்ணன் தம்பி யாரும் இல்லையாம்மா, கேக்கறதுக்கு?

— ஒரு அண்ணன் இருக்காரு. ஸ்ரீரங்கத்துல.

— கேட்டிருக்கலாமே.

— கேட்டா குடுத்துருவாரு பாய். அதான் கேக்கல. எங்க வீட்டுக்காரர் காதுகுத்து அன்னிக்கே பந்தியில உக்காராம வந்துட்டாரு. மறுபடியும் அவரை ஒரு பேச்சு வாங்க வைக்கக் கூடாதுல்ல? ஆனா அண்ணன் கெட்டவரு இல்ல. வாய்தான் முந்திக்கும். நான் பத்தாவது படிக்கும்போது எனக்குச் சைக்கிள் வாங்கித் தரணும்னு ஒரு வருஷம் மதிய சாப்பாட்டை விட்டவரு.

— அது... அப்படியா?

— ஆமா பாய். உங்களுக்கு என்ன, தொண்டை கட்டியிருக்கா?

— வெயில். வேற ஒண்ணும் இல்ல.

— சரி, விலையைச் சொல்லுங்க. நீங்க எனக்குக் குடுத்தது ஆயிரத்தி எரநூறு. அதுக்கு மேல உங்க லாபம் எவ்வளவோ அதைச் சேர்த்துச் சொல்லுங்க.

— காசு வேண்டாம்மா.

— சும்மா குடுத்தா நான் வாங்க மாட்டேன் பாய். தப்பா நினைச்சுக்காதீங்க.

— சும்மா இல்ல. முழு விலையையும் ஒருத்தர் கட்டிட்டாரு. காசு மேசை மேலயே இருக்கு.

— யாரு? எனக்கு எதுக்கு அவரு கட்டணும்?

— உங்களுக்கு அவரு கடன்பட்டிருக்காராம்.

— எனக்கு யாரும் ஒரு பைசா தர வேண்டியதில்லையே.

— பைசா இல்லம்மா. நாலு பேருக்கு நடுவுல பேசக் கூடாத ஒண்ணைப் பேசிட்டாராம். அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியலையாம். அதான்.

— ...

— அம்மா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— திண்டுக்கல் பஸ் கண்டக்டர் ஒருத்தர் பழக்கம். அவர்கிட்ட டிஸ்க்கைக் குடுத்து விடறேன். அஞ்சு மணிக்கு ஸ்டாப்ல நில்லுங்க. உங்க வீட்ல போட்டா ஓடும். உங்க வீட்ல மட்டும்தான் ஓடும். உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

— சரிங்க பாய். அவருக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்.

— வெச்சுடட்டுமாம்மா?

— ஒரு நிமிஷம். மணி ரெண்டாகப் போகுது. வெறும் வயித்தோட இருந்தா உனக்குத் தலைவலி வந்துருமே அண்ணே. முதல்ல போய்ச் சாப்பிடு.